தரைக்குக் கீழே கறுப்பு

தேக்காவில் வாங்கிய பொட்டலம், நான்கு வெள்ளி அறுபது காசு.
கடைக்காரர் என் தலையைப் பார்த்தே சொல்லிவிட்டார்:
"கறுப்புல ஏறாது மேடம். ஏறினாலும் தெரியாது."
ஏறுவது வேறு
தெரிவது வேறு என்பது
அவருக்குத் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை கடுந்தேநீர் ஆறவைத்து
எலுமிச்சை பிழிந்து கட்டி உடைத்துக் கரைத்தேன்.
இட்லி மாவுப் பதம் என்று போட்டிருந்தது உறையில்.
யார் வீட்டு இட்லி என்று போடவில்லை.
எட்டு மணிநேரம் கழித்து மூடியைத் திறந்தால்
மேலே பழுப்பு, உள்ளே பச்சை,
நகரமன்ற ஆட்கள் புளோக்குக்குக் கீழே
புல்வெட்டும் எந்திரம் ஓட்டிப் போன பிறகு
மழை பெய்தால் வருமே, அந்த வாசனை.

ஞாயிறு. வகிடு வகிடாய்ப் பிரித்து அப்பி
சாப்பாடு மூடும் பிளாஸ்டிக்கால் சுற்றிக்கொண்டு
நான்கு மணிநேரம் வேறு யாருடையதோ போல் ஒரு மண்டையைச் சுமந்தேன்.
காதோரம் ஒழுகியதைத் துடைத்த துண்டு
இனிமேல் துண்டு இல்லை.
குளியலறைத் தரை ஓடுகளின் இடுக்கில்
ஒரு ஆரஞ்சுக் கோடு.
பழைய பல்துலக்கியால் தேய்த்தேன்.
அது என்னைவிடப் பிடிவாதம்.

அலசிக் காயவைத்து டியூப் லைட்டுக்குக் கீழே நின்றால்
கறுப்பு.
நேற்றைய அதே கறுப்பு.
நெற்றியோரத்து ஏழெட்டு நரைகள் மட்டும்
செப்புக் கம்பிகளாய் எழுந்து நின்று
இத்தனை நாள் ஒளிந்திருந்த இடத்தைக்
காட்டிக்கொடுத்தன.
மதியரசன் கைப்பேசி விளக்கை அடித்துத் தேடினார்,
குழாயில் கசிவு தேடுகிற மாதிரி.
"இருக்கு, இருக்கு" என்றார்.
கசியாத குழாய்க்கும் அப்படித்தான் சொல்வார்.

என் வேலை தரைக்குக் கீழே.
கோவன் நிலையம், கண்ணாடிக் கூண்டு,
அட்டையில் காசு தீர்ந்தவர்கள், திசை தீர்ந்தவர்கள்.
மேலே மழையா வெயிலா என்பதை
இறங்கி வரும் குடைகள் வந்து சொன்னால்தான் உண்டு.
திங்கள் போயிற்று. செவ்வாய் போயிற்று.
நூர்ஹயாத்தி மட்டும் என்னைக் கடக்கும்போது
மூக்கை உறிஞ்சி, "இனாய்?" என்றாள்.
அவளுக்கும் நிறம் தெரியவில்லை.

புதன், மதியம் மூன்று பத்து.
எங்கேயோ மின்சாரம் சறுக்கியது.
ரயில் வராது என்று நானே ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு
செத்துக்கிடந்த எஸ்கலேட்டரில் முன்னால் ஏறினேன்,
பின்னால் முந்நூறு பெருமூச்சுகள்.
தெருவில் அட்டையைத் தூக்கிப் பிடித்தேன்:
இலவசப் பேருந்து, இந்தப் பக்கம்.
வெயில் உச்சந்தலையில் உட்கார்ந்துகொண்டது.

இரண்டு கையிலும் கீரைப் பையோடு ஒரு சீன ஆன்ட்டி
ஹொக்கியனில் திட்ட ஆரம்பித்தார்.
ரயிலை, தன் முழங்காலை, ரயிலை மறுபடி,
பிறகு என்னை.
பாதியில் நின்றது திட்டு.
பையோடு சேர்த்துக் கையைத் தூக்கி
என் தலையைக் காட்டினார்.
"ஆங்."

நானும் "ஆங்" என்றேன்.
என் மொழியில் அது சரி, கேட்டுக்கொண்டேன்.
அவர் தலையாட்டி, இன்னும் சத்தமாக, "ஆங்! ஆங்!"
"ஆங்" என்றேன் பணிவாக.
எத்தனை முறை ஒப்புக்கொண்டேனோ.
வரிசையில் நின்ற பள்ளிப் பையன்தான்
சிரிப்பை விழுங்கிக்கொண்டு சொன்னான்.
சிவப்பாம். என் முடி.

வந்து நின்ற பேருந்தின் கண்ணாடியில் பார்த்தேன்.
தே ஓ கிளாஸை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கினால்
விளிம்பில் மட்டும் ஒன்று எரியுமே,
அது, வகிட்டிலிருந்து தோள்வரை.
ஏறித்தான் இருந்தது மூன்று நாளாக.

ஆன்ட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து
விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்கியிருந்தார்.

ஐந்து ஐம்பதுக்கு மின்சாரம் திரும்பியது. இறங்கினேன்.
ஏழெட்டுப் படி வரைக்கும் இருந்திருக்கும் அந்தச் சிவப்பு.
அதற்கப்புறம் சீருடைக்கு ஏற்ற கறுப்பு.

இடைவேளை இருபது நிமிடம்.
இப்போதெல்லாம் சாப்பாட்டை
மேலே எடுத்துப் போகிறேன்.