பாலில் கழுவிய கை

டெல்லி என்று எழுதி
டெல்ஹை என்று வாசிக்கும் ஊர் இது, ஒன்ராறியோவில்.
சாலையோரம் சாய்ந்து நிற்கும் சூளைகள்
புகையிலை உலர்த்திய காலத்தவை.
இப்போதும் புகையிலைதான்.
கண்ணாடிக்குள். யாரும் புகைப்பதற்கல்ல.

எங்கள் செடி ஒரு சாண் உயரம்.
ஆஸ்திரேலியப் பாறை இடுக்கில் பிறந்த இனம்.
எந்த நோயையும் வா என்று உள்ளே விடுமாம்,
அதற்காகவே தேர்ந்தெடுத்தார்கள்.
தட்டோடு தலைகீழாய்க் கவிழ்த்து
கலங்கல் நீரில் அமிழ்த்துவேன்.
பம்பு உறிஞ்ச உறிஞ்ச
இலையின் மூச்சு குமிழ் குமிழாய் வெளியேறும்.
வால்வைத் திறந்தால்
மூச்சு இருந்த இடமெல்லாம் நீர்.
நீருக்குள் கிருமி, கிருமியின் மடியில்
காய்ச்சலின் ஒரே ஒரு வரி.
ஆறு நாளில் இலை அதை மனப்பாடம் செய்துவிடும்.
ஏழாம் நாள் அரைத்து, வடித்து,
தடுப்பூசிக்கு அனுப்புவோம்.

பூக்க விடுவதில்லை.

திங்கள் இரவு, மைனஸ் பதினெட்டு.
இடைவேளையில் காருக்குள் இருந்தேன்.
ட்ரக் ஓட்டியபடி துஷியந்தன் அழைத்தான்.
வீட்டை விற்றுவிடுவோம் என்றான்.
வேறெதுவும் சொல்லவில்லை.
எட்டு மாதம் தொடாத பெட்டியில்
ஒரு சிகரட் மிச்சமிருந்தது.

வாசலில் படிவம்: இன்று புகைத்தீர்களா?
என் நுரையீரல் பற்றிய அக்கறை இல்லை அது.
சிகரட்டுக்குள் சுருண்ட செத்த இலையில்
சாகாமல் ஒரு வைரஸ் இருக்கலாம்.
விரலேறி வந்து
உயிரோடிருக்கும் இலையைப் பிடித்துக்கொள்ளும்,
பச்சையில் மஞ்சள் திட்டாக.
கையுறை உண்டு. அதைப் போடுவதும் இதே கைதானே.
அதனால் ஒரு வாளியில் பால்,
கொழுப்பு நீக்கியது.
வைரசைப் பால் போர்த்திவிடுமாம்.

இல்லை என்று கோடிட்டேன்.
முழங்கை வரை பாலில் விட்டேன்.
பம்பு திருத்த வந்த வில்மோஷ் பார்த்துக்கொண்டு நின்றான்.
மூன்று தலைமுறையாய்ப் புகையிலை போட்ட வீட்டுக்காரன்,
வாசனை தெரியாதா?
"இன்னொரு தரம்" என்றான்.
அவ்வளவுதான்.

இன்று பதினான்காம் வரிசையில்
ஓர் இலையை நுனிவிரலால் விரிக்கிறேன்
(விரித்தால் போச்சு என்பார்கள் புகையிலையை).
திட்டா, விளக்கின் மினுக்கா,
பார்க்கப் பார்க்க இரண்டுமாய்த் தெரிகிறது.
அடுத்த குளிர்காலத்தில் யாரோ ஒருவர்
சட்டைக் கையைச் சுருட்டி
தோளை நீட்டுவார், பெயர் தெரியாத எனக்கு.

கேல் அறையில் விளக்கு எரிகிறது.
திங்கட்கிழமைப் படிவத்தைத் திரும்பக் கேட்கவேண்டும்.
பேனா என்னிடம் இருக்கிறது.