ரெண்டரை ரூபாய்க் கயிறு

மியிச்சோவில் வாய்க்காலுக்குப் பூட்டு உண்டு.
துரைமார் அதை லாக் என்றார்கள்,
நாங்கள் பூட்டு என்றோம்.
சாவி எங்கே என்று கேட்ட என் மகனுக்கு
மதகுக்காரர் கோ லூன் மாவுங்
தன் இரண்டு கைகளையும் காட்டினார்,
சக்கரம் சுற்றிக் காய்த்துப்போன கைகள்.

சித்தாங் ஆற்றின் முகத்தில்
கடல் குதிரைபோல் ஏறி வரும்.
அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் படகு கேட்கும்.
அதற்குப் பயந்து வெட்டியதுதான்
பெகு வரைக்கும் போகும் இந்த வாய்க்கால்.
எங்கள் நெல்லெல்லாம்
யாரோ பயந்த வழியில் போய்ச் சேர்ந்தது.

மாமனார் செத்த வருஷம் பாகம் பிரித்தோம்.
பெரிய படகு மூத்தாருக்கு.
சின்னப் படகும் நங்கூரமும் எங்களுக்கு.
நங்கூரம் பெரிய படகினுடையது.
அதில் நின்றது பேச்சு.

பிறகு எதிரே வரும்போதெல்லாம்
மூத்தார் சோலையப்பன் கரையிலிருக்கும் கொக்கைப் பார்ப்பார்,
என் வீட்டுக்காரர் மேகத்தைப் பார்ப்பார்.
சுக்கான் என் கையில்.
யாராவது ஒருவர் தண்ணீரைப் பார்க்க வேண்டுமே.

ஒரு மாசிக் காலையில்
இரண்டு படகையும் ஒரே பூட்டுக்குள் விட்டுவிட்டார் கோ லூன் மாவுங்.
வேண்டுமென்றே செய்தாரோ என்னவோ.
பின்கதவு மூடியது.
இடையே ஒரு முழம் தண்ணீர்,
அதில் ஒரு வெங்காயத் தோல்.

ஆறு தாழ்ந்திருந்தது, நாங்கள் இறங்க வேண்டும்.
தண்ணீர் வடிய வடிய
பாசி பிடித்த செங்கல் சுவர் வளரும்,
வானம் ஒரு பாய் அகலத்துக்குச் சுருங்கும்.
இறங்கும்போது கயிற்றைக் கட்டக் கூடாது.
வளையத்தில் ஒரு சுற்றுப் போட்டுக்
கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க வேண்டும்.
பூட்டுக்குள் போகும் பிள்ளைக்கும் தெரியும் இது.
மூத்தாருக்குத் தெரியாதா?
எங்களைப் பார்க்காமலிருக்கும் அவசரத்தில்
முடிச்சைப் போட்டுவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டார்.

முதலில் கயிறு முனகியது.
பிறகு பெரிய படகின் ஒரு பக்கம்
சுவரிலேயே தொங்க,
மறு பக்கம் தண்ணீரோடு போனது.
மூட்டைகள் சரிந்தன.
அவருடைய கடைசிப் பெண், காவேரி,
மூட்டை மேலிருந்து என்னைப் பார்த்தாள்.
அழவில்லை, பார்த்தாள்.

மீன் நறுக்கும் கத்தி மடியில் இருந்தது.
தாவினேன். வெட்டினேன்.
படகு தொப்பென்று விழுந்து
எல்லோரையும் நனைத்தது.
மேலேயிருந்து கோ லூன் மாவுங்
"மா ச்சிட்! மா ச்சிட்!" என்று கத்தினார்.
சிட்டாள் என்ற என் பெயர்
அவர் வாயில் அப்படித்தான் ஆகும்.
அவர்கள் பாஷையில் அதற்குப் பிரியம் என்று அர்த்தமாம்.

முன்கதவு திறக்கும்வரை ஒருவரும் பேசவில்லை.
திறந்ததும் மூத்தார்
கொக்கைப் பார்த்தபடி சொன்னார்:
"புதுக் கயிறு. ரெண்டரை ரூபாய்."

கொடுக்கவில்லை.
வீட்டுக்காரர் கொடுக்கச் சொன்னார், நான்தான்.
ஒவ்வொரு நடைக்கும்
மதகில் எங்களுக்காக ஒரு சீட்டு இருக்கும்,
மூத்தார் கையெழுத்தில், ஒரே வரி.
பதில் சீட்டில் நான் எழுதுவேன்:
காவேரி எத்தனை ரூபாய்?
அடுத்த நடையில் அதற்குப் பதில் இருக்கும்:
கயிறு ரெண்டரை.
வருஷக்கணக்கில் இப்படியே பேசிக்கொண்டோம்.

அறுபத்துநாலில் அவர்கள் கப்பலேறினார்கள்.
நாங்கள் ஏறவில்லை, காரணங்கள் இருந்தன.
ரங்கூன் துறையில் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய்
முந்தானை முடிச்சை அவிழ்த்து
ரெண்டரையை நீட்டினேன்.
எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினார்.
பத்தடி தள்ளிச் சுங்கக்காரன்
அதையும் எடுத்துக்கொண்டான்.

மூத்தார் திரும்பினார்.
கொக்கு இல்லாத இடம் அது.
கப்பல் கயிற்றை ஆட்கள் சுற்றுச் சுற்றாக
விட்டுக்கொடுத்துக் கொண்டிருந்தார்கள், முறையாக.

நங்கூரம் இப்போதும் பெகுவில்
என் கோழிக்கூண்டின் மேல் கிடக்கிறது,
காற்றுக்குக் கூரை பறக்காமல்.