பக்கம் ஒன்றுக்கு எண்ணூறு ரூபாய்

அளுத்கடையில், நீதிமன்றத்துக்குப் பின்புறம்,
என் கந்தோர் ஒரு மேசையும் ஒரு முத்திரையும்.
பிறப்பு, இறப்பு, காணி உறுதி, விவாகரத்து.
நேப்பிள்சில் பதினொரு வருடம் தட்டுக் கழுவியதில்
மிஞ்சியது இத்தாலியன் மட்டும்.

ஜம்பட்டா வீதி ஹாட்வெயார் மிராண்டா
தடித்த புத்தகமொன்றை மேசையில் வைத்தார்.
"மகளைக் கேட்டிருக்கிற பொடியன் அனுப்பினது.
அவன்ட தாத்தா இருந்த றெஜிமென்ட்டாம்.
நல்ல குடும்பமான்னு விசாரிக்க
எனக்கு அங்க யார் இருக்கா?
முழுக்க வேணாம், அடையாளம் வச்ச பக்கம் போதும்."

மூன்று இரவு.
ஏதோ ஒரு ராஜா அமைத்த காலாட்படை.
கலைக்கப்பட்டது.
மீண்டும் அமைக்கப்பட்டது.
எண் மாறியது. கழுத்துப்பட்டியின் நிறம் மாறவில்லை,
காய்ந்த எலுமிச்சையின் மஞ்சள்.
மீண்டும் கலைக்கப்பட்டது என்று எழுதும்போது
பேனை நின்றது. தமிழில்
கூட்டம் கலையும், தூக்கம் கலையும், கருவும் கலையும்.
அவர்கள் சொல்லுக்கோ
முடிச்சு அவிழ்வதும் சீனி கரைவதும் அர்த்தம்.
ஒரு மலைச்சரிவில் ஆயிரத்து நூறு பேர்
எந்தச் சொல்லின்படி போனார்கள் என்று
புத்தகத்தில் இல்லை.

கோவேறு கழுதைகள் நாற்பத்தொன்று என்று இருக்கிறது.
ஒன்றின் பெயர்கூட: பியாங்கினா.
ஆற்றைக் கடக்கையில் பீரங்கியோடு போனது.

அடுத்தது ஆப்பிரிக்கா.
'ஒரு கிராமத்தில் அமைதிப்படுத்தல் நடவடிக்கை.
எமது தரப்பில் இழப்பு இல்லை.'

எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.
அந்தச் சொல்லை முன்பே அறிவேன்.
என் ஊருக்கும் வந்திருக்கிறது,
சீருடையோடு, ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில்.
கொளுத்தினார்கள் என்று போடலாம்.
ஆனால் முத்திரை குத்துகிறவன்
மூலத்தில் இல்லாததைக் கூட்டக்கூடாது.
அப்படியே எழுதினேன்.

சனிக்கிழமை மிராண்டா நின்றபடியே படித்தார்.
பதக்கம் வந்த இடத்தில் தலையாட்டினார்.
கழுதைக்குச் சிரித்தார்.
பிறகு விரல் அந்த வரியில் நின்றது,
ஆணி எண்ணிப் பழகிய விரல்.
"கிராமத்துக்குப் பேர் போடல்லியே?"
"மூலத்தில் இல்லை."
"கழுதைக்கு இருக்கு."
"இருக்கு."

ஒன்பது பக்கம். மிச்சக் காசு வாங்கவில்லை.
வெளியே மழை. புத்தகத்தைச்
சீமெந்து உறையில் சுற்றிக்கொண்டு
ஆட்டோவில் ஏறியவர் தலையை நீட்டி,
"பொடியன் பேக்கரியில தான் வேலை," என்றார்,
நான் ஏதோ கேட்டதுபோல.