ஏழு வெள்ளை போல்ட்டுகள்

ஷுவைக்கில் ஆகஸ்ட். ஷட்டரைத் தொட்டால் கை வேகும்.
எழுபத்திரண்டு மாடல் காப்ரீஸைப் பிரித்துப் போட்டிருக்கிறேன்.
கழற்றிய போல்ட்டுகள் முட்டை அட்டைகளில்
குழிக்கு ஒன்றாய்,
பக்கத்தில் பென்சிலில் என் குறிப்பு:
பானட் கீல், இடது, மேல்.
ரேடியேட்டர் சட்டம், நடு.
அறையில் கூட இருக்கும் அருளப்பன் வந்து பார்த்துவிட்டு
மரை கழன்றது போல்ட்டுக்கா உனக்கா என்றான்.

பளபளப்பு சுலபம்.
எல்லாவற்றையும் குரோம் தொட்டியில் முக்கி எடுத்தால்
கல்யாண மண்டபம் மாதிரி மின்னும்.
ஆனால் ஃபேக்டரியில் எவனும் மின்னுவதற்காக முடுக்கவில்லை.
பிரேக் பூஸ்டருக்கு மஞ்சள் காட்மியம்,
தண்ணீரில் டீசல் சிந்தினால் ஒரு வானவில் ஓடுமே,
அது உள்ளே ஓடுகிற மஞ்சள்.
ஷம்ஷாத்தின் பிளேட்டிங் கடைக்கு மூன்று முறை திருப்பி அனுப்பினேன்.
முதல் தடவை எலுமிச்சை. அடுத்தது பித்தளை.
மூன்றாவதைத் தட்டில் கொட்டி,
இனி தங்கம்தான் பாக்கி பாய் என்றான்.

பாடியைப் பிடித்தவை கறுப்பு பாஸ்பேட்.
உப்புக்காற்று ஐம்பது வருஷம் தின்ற பிறகு
எல்லாம் ஒரே துரு.
எது எதுவாக இருந்தது என்று தலையைப் பார்த்தால் தெரியாது.
வாஷரை நகர்த்த வேண்டும்.
அது மூடியிருந்த வளையத்தில்
வெயில் படாத கறுப்பு,
நேற்றுப் பூசியது போல.

கார் பதர் அல்-கந்தரியின் அம்மாவுடையது.
வியாழன்தோறும் வருவார். சர்க்கரை போடாத தேநீர்.
வியாழன்தோறும் அதே வாக்கியம்:
"அம்மா இருபது வருஷம் ஓட்டினாள். ஒரு கீறல் கிடையாது."
வீட்டில் யார் வண்டியை இடித்தாலும்
இந்தக் காரைக் காட்டித்தான் திட்டு விழுமாம்.

இடது மட்கார்டுக்கு வந்தபோது
அரை அங்குல ஸ்பானர் ஏறவில்லை.
மில்லிமீட்டர் செட்டில் பதிமூன்று
கச்சிதமாய் உட்கார்ந்தது.
அமெரிக்கக் காரில் பதிமூன்றுக்கு என்ன வேலை?
மொத்தம் ஏழு. ஏழும் வெள்ளைத் துத்தநாகம்.
வாஷருக்கு அடியில் பெயிண்ட்,
கார் நீலத்தைவிட ஒரு பிடி வெளிறிய நீலம்.

சொல்லாமலும் இருக்கலாம்.
சரியான தலைக்குறி போட்ட பழைய போல்ட் தேடி
பாஸ்பேட்டில் முக்கி மாட்டினால்
போட்டி நடுவர் டார்ச் அடித்துப் பார்த்தாலும்
ஒரு மார்க் குறையாது.
அசல் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள்.
முட்டை அட்டையில் அந்த ஏழு குழிக்கும் பக்கத்தில்
என்ன எழுதுவதென்று தெரியாமல்
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டேன்.

வியாழன். அட்டையை நீட்டினேன்.
பதர் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார்.
கறுப்பு ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.
தேநீர் ஆறியது.
பிறகு போனை ஸ்பீக்கரில் போட்டார்.
எனக்குச் சந்தைக்குப் போகிற அளவுக்குத்தான் அரபி,
இருந்தும் கேள்வி புரிந்தது:
"யும்மா, மட்கார்டை யார் மாற்றியது?"

அந்தப் பக்கம் ஏசி இரைச்சல்.
கரண்டியை யாரோ தட்டில் வைக்கும் சத்தம்.
அப்புறம் எண்பது வயதுக் குரல்,
பதற்றமே இல்லாமல்,
கடைக்காரனிடம் விவரம் கேட்பது போல:

"இடதா, வலதா?"

பதர் என்னைப் பார்த்தார்.
நான் பதிமூன்றை எடுத்துக்கொண்டு
வலப்பக்கம் போனேன்.