மேற்குச் சுவர்

வெயில் தெரியாத நேரத்தில்தான்
வீடு காட்டுவேன்.
காலை ஏழு, தவறினால் மாலை ஆறரை.
இருபத்திரண்டு வருஷ புரோக்கர் தொழிலில்
ஒருத்தரும் இதைக் கண்டுபிடித்ததில்லை.

பின்லாந்து பாஸ்போர்ட்டில் அவள் பெயர் மார்யாத்தா.
ஜெராக்ஸ் கடைப் பையன்
மாரியாத்தா என்றே படித்தான்.
நானும் திருத்தவில்லை.
அறுபத்தொரு வயது. கையில் கட்டம்போட்ட நோட்டு.
பாதித் தமிழ் அவளுடையது,
மீதியை என் இங்கிலீஷ் பார்த்துக்கொண்டது.
"மதியம் ரெண்டு மணிக்குக் காட்டுங்க, தனகோட்டி.
எல்லா வீட்டையும்."

அக்னி நட்சத்திரம் எட்டாம் நாள்.

காந்தி நகர் மாடி போர்ஷனில்
வீட்டுக்காரம்மா மூன்று கேட்டாள்:
புருஷன் எங்கே, கறி சமைப்பாயா,
போலீஸ் இங்கே வருமா.
முதலாவதுக்கு "செத்துட்டார்" என்றாள்.
இரண்டாவதுக்கு "மீன்."
மூன்றாவதுக்கு என்னைப் பார்த்தாள்.
சி ஃபார்ம் என்று நான் வாயெடுப்பதற்குள்
கேட் சாத்தியாயிற்று.

எந்த வீட்டுக்குப் போனாலும்
சமையலறையைப் பார்க்கவில்லை, பாத்ரூமைப் பார்க்கவில்லை.
நேராக மேற்குச் சுவர்.
உள்ளங்கையை வைத்துக்
கண்ணை மூடி எண்ணுவாள்.
பாகாயத்தில் ஒன்பது.
ஓட்டேரியில் பன்னிரண்டு.
சத்துவாச்சாரியில் நாலிலேயே
கையை உதறிக்கொண்டாள். வாசலில் லாரி போக
ஜன்னல் கண்ணாடி தன்பாட்டுக்குப் பேசியது.

டீக்கடையில் சொன்னேன்,
"ஏலகிரிக்குப் போயிடுங்க மேடம். குளுகுளுன்னு இருக்கும்.
ஸ்வெட்டர் போட்டுக்கலாம்."
"எங்க ஊர்ல டிசம்பர்ல சூரியன் வராது."
"சுத்தமாவா? அப்புறம் எப்ப வரும்?"
விரலில் கணக்குப் போட்டாள்.
"பொங்கலுக்கு."

டீ மாஸ்டர் சும்மா இருக்கக் கூடாதா?
"சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை,
தண்ணியில்லாத ஆறு.
இங்க வந்து இன்னாம்மா பண்ணப்போற?"
கிராக்கி போச்சு என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது.
அவள் நோட்டில் எழுதினாள்:
கோயில். கோட்டை. ஆறு.
'இல்லாத' இன்னும் படிக்கவில்லைபோல.

கடைசி வீடு விருதம்பட்டில்.
ரிட்டயர்டு ரயில்வே கார்டு தேசிங்கு
பச்சைக்கொடி காட்டுகிறாற்போல் உள்ளே கூப்பிட்டார்.
சுவருக்கு அந்தப் பக்கம் வேம்பு.
எண்ணினாள், எண்ணினாள்,
முப்பதுக்குமேல் எனக்குப் பொறுமையில்லை.
கண்ணைத் திறந்ததும் பின்கதவைத் தள்ளினாள்.
மணல். சீமைக்கருவேலம். கிரிக்கெட் ஸ்டம்ப் மூன்று,
எதற்கோ காத்திருக்கும் எருமை ஒன்று.
"இந்த கிரவுண்டு யாருது?"
"ஆறு, மேடம். பாலாறு."
ரொம்ப நேரம் நின்றாள்.
"எப்ப வரும்?"
நான் கேட்ட அதே கேள்வி.
விரலை மடக்கிப் பார்த்தேன், கணக்கு வரவில்லை.
"வந்தா வரும்."
அங்கேயே அட்வான்சை எண்ணிக் கொடுத்தாள்.

எஸ்.பி. ஆபீசில் இரண்டு நாள் பெஞ்சு தேய்ந்தது.
தங்கும் காரணம் என்ற கட்டத்தில்
'வெயில்' என்று தமிழில் எழுதிவிட்டாள்.
ஏட்டு வெள்ளை மை தேடினார்.
அந்த நேரத்தில் மரியாதை சொல்லிக்கொடுத்தேன்:
பையன் வந்தான்.
மாடு வந்துச்சு.
பெரியவங்க வந்தாங்க.

ஐப்பசிக் கடைசியில் விடாமல் எட்டு நாள் மழை.
மேற்கே ஏரிகள் உடைந்ததாக யாரோ சொன்னார்கள்.
ராத்திரி பதினோரு மணிக்கு போன் போட்டேன்,
வீட்டைக் காட்டியவன் நான்தானே.
"மேடம், உள்ள தண்ணி வந்துச்சா?"
அவள் குரலுக்குப் பின்னால்
சரக்கு ரயில் போகிற மாதிரி இரைச்சல்.
"இல்ல தனகோட்டி. பின்னாடி நிக்கறாங்க."
"யாரு மேடம்? யாரு நிக்கறா?"
"ஆறு.
ஆறு வந்திருக்காங்க."

கமிஷனில் பாதி இன்னும் பாக்கி.
கேட்கலாம்தான்.
ரெண்டு மணிக்கு வாங்க என்பாள்.