ஊதா மூடி

முசாஃபாவில் விசா மெடிக்கல் எடுக்கும் கட்டடத்தில்
எட்டாம் நம்பர் நாற்காலி என்னுடையது.
ஒரு நாளைக்கு இருநூற்றுச் சொச்சம் கைகள்.
சிமென்ட் அரித்த கை, வெல்டிங் பொறி தெறித்த கை,
மருதாணி மங்காத ஒரு புதுப்பெண்ணின் கை.
முஷ்டியை மடக்கு. விடு.
பஞ்சை அழுத்து. அடுத்தவர்.
முகம் பார்ப்பதில்லை,
பார்த்தால் நரம்பு தவறும்.

எழுந்து போகையில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்:
சிஸ்டர், பாஸா?
வங்காளத்தில், நேபாளியில்,
ஒருமுறை பரமக்குடித் தமிழில்.
பதினோரு வருடமாக ஒரே பதில் வைத்திருக்கிறேன்.
மெஷினுக்குத்தான் தெரியும்.

போன வாரத்துக்கு முந்தைய வியாழன்
குளிப்பாட்டும்போது ஜெபிஷாவின் காலில்
நீலத் திட்டுகளை எண்ணினேன். ஏழு.
எங்க இடிச்ச மக்ளே?
எங்கயும் இல்லம்மா.
பல் தேய்த்துத் துப்பிய நுரையில் ரோஸ் நிறம்.
புதுப் பேஸ்ட் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்,
இரண்டு நாள்.

மூன்றாம் நாள் மாரிட்டெஸின் கிளினிக்கில்
நானே அவள் கையைப் பிடித்தேன்.
ஊதா மூடிக் குழாய், இரண்டு மில்லி.
ஒரே குத்தில் கிடைத்தது, அழக்கூட இல்லை.
லேபிளில் பெயர் எழுதும்போதுதான்
முதல் எழுத்திலேயே பேனா நின்றது.

மைக்ராஸ்கோப் பார்க்கும்போது மாரிட்டெஸ் எப்போதும்
ஏதாவது முணுமுணுத்துக்கொண்டிருப்பாள்.
அன்று முணுமுணுப்பு நின்றது.
நிமிர்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை.
பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம், என்றாள்,
காப்பி குடிக்கிறாயா?
லென்ஸ் இரண்டடி தள்ளித்தான் இருந்தது.
பார்க்கத் தெரிந்தவள் நான்.
காப்பி குடித்தேன்.

இடுப்பெலும்பில் ஊசி இறங்கியபோது
வெளியே உட்காரச் சொன்னார்கள்.
முடிவு வர ஐந்து வேலை நாள்.
நடுவில் ஒரு சனி ஞாயிறு.
நோய்க்கும் சேர்த்தா விடுமுறை என்று கேட்கவில்லை,
தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.
இன்ஷூரன்ஸ் படிவத்தில் ஒரு கேள்வி:
முன்பே இருந்த நோயா?
ஆம், இல்லை, இரண்டு கட்டம்.
முன்பு என்றால் எப்போதிலிருந்து?
நீலம் தெரிந்த நாளா, பேஸ்டைக் குறை சொன்ன நாளா,
அதற்கும் முன்னால்
எனக்குள் அவள் உதைத்துக்கொண்டிருந்த நாளா?

எட்வின் கடல் நடுவே ரிக்கில் இருக்கிறான்.
இருபத்தெட்டு நாள் ஷிப்ட்டில் பதினாறாம் நாள்.
ராத்திரி எட்டு மணிக்கு லைன் கிடைக்கும்.
வந்துதா?
வரல்ல.
பிறகு அவன் பக்கம் ஜெனரேட்டர் இரைச்சல்,
என் பக்கம் ஏசி.
பிள்ளையிடம் போனைக் கொடுத்தால்
இன்று ஆமை வந்ததா என்று கேட்கிறாள்.
வந்தது, பெரிய ஆமை, என்கிறான் அவன்,
குரல் உடையாமல்.
என்னிடம் திரும்ப வந்ததும் சொல்கிறான்,
ஹெலிகாப்டர் வியாழக்கிழமைதான்.

மற்றவர்களுக்குத் தேடிப் படிக்க கூகுள் இருக்கிறது.
எனக்கு எல்லா வார்த்தையும் முன்பே தெரியும்.
ஜெபமாலையை எடுத்தால்
நாலாவது மணிக்குள்
பிளேட்லெட் எண்ணிக்கை வந்துவிடுகிறது.
அருள் நிறைந்த மரியே, பதினெட்டாயிரம்.
திரும்ப முதலிலிருந்து.

இன்று ஐந்தாம் நாள். லீவு கேட்கவில்லை,
கேட்டால் காரணம் சொல்ல வேண்டும்.
பதினொன்றரைக்கு ஒரு பையன்.
மீசை சரியாக முளைக்கவில்லை,
சட்டையில் மடிப்புக் கோடு கலையவில்லை.
உட்காரும் முன்பே கேட்டான்,
சிஸ்டர், பாஸா?
நிமிர்ந்து பார்த்துவிட்டேன்.
குத்து தவறியது.
பரவாயில்லை, என்று
அவனே மறு கையை நீட்டினான்.

குழாய் நிறைந்துகொண்டிருக்கும்போது
மேசை மேல் போன் ஒளிர்ந்தது.
ரிப்போர்ட் தயார்.
திறக்க, பிள்ளையின் பிறந்த தேதியை இடவும்.

கையுறையைக் கழற்றினேன். விரலெல்லாம் ஈரம்.
பூஜ்யம் ஒன்பது.
பூஜ்யம் இரண்டு.
அன்று இங்கே காலையில் மூடுபனி,
டாக்ஸிக்காரர் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் போய்த்
திரும்பி வந்தார்.
வருடத்தில் மூன்று எண் போட்டாகிவிட்டது.

டோக்கன் கூப்பிடுகிறார்கள்.
பையன் இன்னும் போகவில்லை,
பஞ்சை அழுத்திப் பிடித்தபடி
என் முகத்தையே பார்த்து நிற்கிறான்.