இரண்டு மணி அளவு

புதன்கிழமைகளில்
திருத்துறைப்பூண்டி அரசு மருத்துவமனையில்
பதினான்காம் எண் அறை.
கதவில் ஒட்டிய தாளில் 'மன' கிழிந்து
'நலப் பிரிவு' மட்டும் மிச்சம்.
அது வசதியாகத்தான் இருந்தது.
தெரிந்தவர் யாரும் பார்த்தால்
சர்க்கரைக்கு வந்தேன் எனலாம்.

அதற்குமுன் ஊரே வைத்தியம் பார்த்துவிட்டது.
ஜாதிக்காயைப் பாலில் உரசு என்றார் பூசாரி.
உள்ளங்காலுக்கு விளக்கெண்ணெய் என்றாள் கொழுந்தியாள்.
ஒரு கட்டிங் போதும் என்றான் தர்மதுரை.
போட்டோம்.
அவன் தூங்கினான்.
சீட்டில்லாமல் மாத்திரை கிடையாது என்ற
மருந்துக்கடை கமாலுதீன்தான்
இருமல் மருந்து அட்டையின் பின்னால்
இந்த அறையின் எண்ணை எழுதிக் கொடுத்தார்.

ஆலோசகர் பெயர் ஜெனிட்டா.
என்ன வேலை என்று கேட்டார்.
லஸ்கர்.
முள்ளியாற்றில் ஏழு கண் மதகு,
ஏற்றவும் இறக்கவும் நான்.
முறை வைத்துத் தண்ணீர் விடும் மாதங்களில்
நடு இரவிலும் அளவு எடுக்கணும்.
"இப்ப ஆறு காய்ஞ்சுதானே கெடக்கு?"
ஆமாம்மா, பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.
காதில்தான் தண்ணீர் வடியவில்லை.

மத்தியானம் இரண்டுக்கு மேல் டீ வேண்டாம் என்றார்.
எப்போது படுத்தாலும்
எழுவது ஒரே மணிக்கு.
பாயில் கிடந்து புரளாமல்
எழுந்துபோய் உட்காருங்கள்,
கண் சொக்கினால் திரும்புங்கள்.
செல்போன் தலைமாட்டில் கூடாது.
அப்புறம் ஒரு நோட்டு,
இரவை அதில் எழுதி எடுத்து வாருங்கள்.

நோட்டு என்றதும் தெம்பு வந்தது.
முப்பத்தோரு வருடம் நோட்டு எழுதிய கை.

10.00 பாய். வரத்து இல்லை.
11.15 கொட்டாவி இரண்டு. கசிவு மட்டும்.
12.30 எழுந்து வாசலில். நாய் பார்த்தது.
2.00 மேல்பக்கம் நிறைந்து நிற்கிறது. கீழ்பக்கம் காலி.
4.40 சிறிது வரத்து.
5.30 உத்தரவுப்படி எழுந்தாயிற்று.

ஜெனிட்டா சிரிக்கவில்லை.
ஏழு நாளையும் புரட்டி
பச்சைப் பேனாவால் ஒரே வரியைத் தொட்டார்.
"ரெண்டு மணிக்கு என்ன?"

மின்விசிறி ஓடியது.
வெளியே டோக்கன் முப்பத்தெட்டு.

ஒரு ஐப்பசி.
மூன்று இரவு விடாத மழை.
நான்காம் இரவு மதகு ஷெட்டில்
சாக்கின்மேல் சாய்ந்தேன், அவ்வளவுதான்.
கண் விழித்தபோது வடகரை உடைந்து
அஞ்சம்மாளின் மூன்று மா சம்பா
தண்ணீருக்குள்.
அளவு நோட்டில் மட்டும்
இரண்டு மணிக்கு ஓர் எண் இருக்கிறது,
அடி, அங்குலத்தோடு.
விடிந்த பிறகு எழுதியது.

சொல்லி முடித்தபோது
வாய் காய்ந்திருந்தது.
"முழிச்சிருந்தா கரை நின்னிருக்குமா?"
தெரியாது என்றேன்.
"அப்ப தெரியாதுன்னே எழுதுங்க."

சனிக்கிழமை அஞ்சம்மாளைத் தேடிப் போனேன்.
களத்தில் உளுந்து தூற்றிக்கொண்டிருந்தாள்.
சொன்னேன்.
"எந்த வருசம்?" என்றாள்
முறத்தை நிறுத்தாமல்.
"வருசா வருசந்தான் முங்குது."
தூசி என் பக்கமாக வந்தது.
கொஞ்ச நேரம் போனபின்,
"அப்பவே சொல்லியிருக்கலாம்."
அதற்கும் கொஞ்ச நேரம் போனபின்,
"நிக்கிறியே, அந்தச் சாக்கப் புடி."
பிடித்தேன்.
நான்கு சாக்கு.

அன்றிரவு
10.30 பாய்.
12.10 எழுந்து வாசலில். நாய் இல்லை.
1.20 பாய்.
2.00
3.00
4.00
5.30 எழுந்தாயிற்று.

காலையில் அந்த மூன்று கட்டங்களைப் பார்த்ததும்
கை தானாகப் பேனாவைத் தேடியது.
எதையாவது நிரப்பலாம்,
பழக்கமான கை.
விட்டுவிட்டேன்.

புதன்கிழமை ஜெனிட்டா
அந்த வெற்றிடத்தைச் சுற்றி
பச்சையில் ஒரு வட்டம் போட்டார்.

அடுத்த இரவு இரண்டு மணிக்கு
மறுபடி முழித்துக் கிடந்தேன்.
அதையும் எழுதினேன்.